பிள்ளைக்காம்பராவில் நூற்றறுபது வோல்ட்

கண்டியில் ரைஸ் குக்கர் திருத்துகிறவர்கள் எத்தனையோ பேர். பிளக்கைச் செருகுவார்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் ஒரு குறையுமில்லை, கொண்டு போங்கள் என்பார்கள். எரியாவிட்டால் அடியில் ஒரு தட்டு. தட்டியும் கேட்காவிட்டால்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள். றுமைஸா அந்த ரகம் இல்லை. மீட்டரை எடுக்காமல் எந்தச் சாமானைப் பற்றியும் அவள் வாய் திறக்கமாட்டாள். யாராவது அவசரப்படுத்தினால் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான், அவசரம் போன இடம் தெரியாது.

கொழும்பு வீதிக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில், அரூஸ் நானாவின் மின்சாமான் கடையில் அவளுக்கு வேலை. திருத்த வருகிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு எழுதுவாள். சீட்டில் நாலு வரி இருக்கும்: அழுத்தம் எத்தனை வோல்ட், ஓட்டம் எத்தனை அம்பியர், தடை எத்தனை ஓம், வலு எத்தனை வாட். முதல் இரண்டும் மீட்டர் சொல்வது, மற்ற இரண்டும் தான் சொல்வது என்பாள். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வலு. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்குத்தான். ஆனால் பத்தாம் வகுப்பில் படித்ததைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்தானே நம்மில் அதிகம். றுமைஸா விட்டுவிட்டு வரவில்லை.

பிலிமத்தலாவைக்காரி. வயது முப்பத்தேழு. தொழில்நுட்பக் கல்லூரியில் அவளுடைய வகுப்பில் முப்பத்துநாலு பேர் படித்தார்கள், அதில் இரண்டே இரண்டு பெண்கள். மற்றவள் பாதியிலேயே ஒரு வங்கியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். றுமைஸா கடைசிவரை இருந்து, கம்பத்தில் ஏறுகிற பாடத்தில் மட்டும் கொஞ்சம் திட்டு வாங்கி, மற்ற எல்லாவற்றிலும் முதல் ஆளாக வெளியே வந்தாள். "பொம்புள புள்ள கரண்ட் வேலைக்குப் போறயா?" என்று கேட்ட சொந்தக்காரர்கள் இப்போது கல்யாண வீட்டில் அவளைக் கண்டதும், தங்கள் வீட்டுப் பிரிட்ஜ் ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்பதற்காகவே பக்கத்துக் கதிரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். கணவன் நஸீபுக்கு அதில் ஒரே பெருமை. பிரிட்ஜைப் பற்றி அவனிடம் கேட்டாலும் அவளுடைய குரலிலேயே பதில் சொல்லப் பார்ப்பான்.

அரூஸ் நானா முதல் வருடம் அவளைச் சாமான் பெட்டிகளுக்குப் பின்னால்தான் உட்கார வைத்திருந்தார். ஒரு பெண் திருத்துகிறாள் என்று தெரிந்தால் ஆட்கள் நம்பமாட்டார்கள் என்று அவருக்குப் பயம். ஒருமுறை புதிதாக இறக்கிய தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர்களில் ஒன்றை, யாரும் சொல்லாமலே றுமைஸா அளந்து பார்த்தாள். பெட்டியில் இரண்டாயிரம் வாட் என்று அச்சடித்திருந்தது. மீட்டரில் 230 வோல்ட், 5.65 அம்பியர். பெருக்கினால் ஆயிரத்து முந்நூறுக்கு ஒரு புள்ளியும் கூடவில்லை. இன்னும் ஐந்தைப் பிரித்து அளந்தாள், எல்லாம் அதே. கொண்டுவந்து இறக்கிய ஆளிடம் சீட்டை நீட்டியபோது அவர் முதலில் சிரித்தார், அப்புறம் கணக்குப் போட்டார், அப்புறம் நாற்பது பெட்டியையும் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார். அன்று பின்னேரமே அரூஸ் நானா அவளுடைய மேசையை வாசலுக்கு நேரே கொண்டுவந்து போட்டார். றுமைஸா எழுதினால் எழுதினதுதான் என்று ஒழுங்கை முழுக்கப் பேச்சு.

இப்படி ஒரு பெயர் எடுத்தவளிடம்தான், ஒரு புதன்கிழமை காலை, அன்னலட்சுமி நாலாவது தடவையாக வந்து நின்றாள்.

அன்னலட்சுமி பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெரிதாகப் பலகை தொங்கினாலும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பத்தொன்பது பிள்ளைகளுக்கும் மத்தியானச் சோறு அவள் கையால்தான். விறகுப் புகையில் குழந்தைகள் இருமுகிறார்கள் என்று பெற்றோர் எல்லோருமாகச் சேர்ந்து, தைப்பொங்கல் முடிந்த கையோடு இந்தக் கடையில் ஒரு பெரிய குக்கர் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அது சரியாகச் சோறு ஆக்கவில்லை என்று அவள் மூன்று தடவை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று தடவையும் றுமைஸா அளந்தாள். 230 வோல்ட், 4.34 அம்பியர், 53 ஓம், 998 வாட். ஆயிரம் வாட் குக்கருக்கு இதைவிட ஒழுங்கான கணக்கு கிடையாது. மூன்று சீட்டிலும் குறையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைக்கு அன்னலட்சுமியின் கையில் குக்கர் இல்லை. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு தாள்கள் மட்டும் இருந்தன.

"மிஸ், இந்தச் சீட்டுல உள்ள கையெழுத்து ஒங்களுதுதானே?"

"ஓ, நான்தான் போட்ட. ஏன் அக்கா?"

அன்னலட்சுமி மற்றத் தாளை நீட்டினாள். தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் கஜேந்திரன் எழுதிய கடிதம். பிள்ளைகளுக்கு இரண்டு தடவை வேகாத சோறு கொடுக்கப்பட்டு ஒரு குழந்தைக்கு வயிற்றுவலி வந்திருக்கிறது. குக்கர் நல்ல நிலையில் இருப்பதை இணைத்துள்ள சீட்டு உறுதிப்படுத்துகிறது. ஆகவே கவனக்குறைவு பராமரிப்பாளருடையது. வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தராவிட்டால் அடுத்த மாதம் முதல் வேறொருவர் நியமிக்கப்படுவார். கடிதத்தோடு அவர் பின் குத்தி அனுப்பியிருந்ததுதான் அன்னலட்சுமி முதலில் காட்டிய தாள், றுமைஸாவின் சீட்டின் பிரதி. அவளுடைய அழகான கையெழுத்து, அவளுடைய நாலு வரி.

"நீங்க பொய் எழுதியிருக்க மாட்டீங்க மிஸ். மூணு தடவையும் என் கண்ணு முன்னாடிதான் அளந்தீங்க" என்றாள் அன்னலட்சுமி. "நானும் பொய் சொல்லல. அப்ப எதுதான் பொய்?"

போன தடவை, கடையில் நாலு பேர் கேட்க, "தண்ணிய அளவா ஊத்துங்க அக்கா" என்று தான் சொன்னது றுமைஸாவுக்கு ஞாபகம் வந்தது. பில் போடும் பஸ்லினா அப்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினாலு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுகிறவளுக்குத் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறாள் இந்த மகாராணி! வெட்கத்தில் காது சுட்டது.

பேனாவை எடுத்து அந்தக் கணக்கை மறுபடியும் போட்டாள். பெருக்கல் சரி. வகுத்தல் சரி. முதல் வரியில் கை நின்றது. இருநூற்றுமுப்பது. அது யாருடைய இருநூற்றுமுப்பது? இந்த மேசையில் உள்ள பிளக்கினுடையது. கண்டி நகரத்துக் கரண்டை வைத்துக்கொண்டு பன்வில மலையில் வேகிற சோற்றுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

"அங்க கரண்ட் எப்படி ஈக்கி அக்கா? குறைஞ்சு குறைஞ்சு வருமா?"

"அதெல்லாம் இல்லைங்க. லைட்டு பளிச்சுனு எரியுது. தோட்டத்து எலக்ட்ரீஷியன் வந்து பிளக்குல மீட்டர் வச்சுப் பாத்தாரு. எரநூத்தி இருபத்தஞ்சு இருக்குன்னு ஐயாகிட்ட சொல்லிட்டுப் போய்ட்டாரு."

திறந்த கதவு ஒன்று முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. 225 என்றால் போதும், தாராளமாகச் சோறு வேகும். ஆனாலும் றுமைஸா விடவில்லை. தான் அளக்காத ஒரு எண்ணை நம்பி இன்னொரு தடவை கையெழுத்துப் போட அவள் தயாராக இல்லை.

"நாளைக்கு நான் வாரன். நீங்க எப்பவும் போல சமைங்க" என்றாள்.

அரூஸ் நானாவுக்கு இது பிடிக்கவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் கடையின் பெயர் என்று வந்தால் யோசித்து யோசித்துத்தான் அடி வைப்பார். "எழுதினத நாமளே போய் மாத்தினா, இனி உங்கட சீட்ட யார் நம்புற?"

"பிழைய மாத்தாட்டித்தான் நானா நம்பமாட்டாங்க. அந்தப் பொம்புளட வேலை போகப் போகுது, என்ட கையெழுத்தால."

வத்தேகமை வழியாகப் பன்வில போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று அவரே பார்த்துச் சொன்னார்.

மறுநாள் பன்வில டவுனில் இறங்கி, ஆட்டோ பிடித்துத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது. பிள்ளைக்காம்பரா சின்னக் கட்டிடம், சுத்தமாகக் கூட்டித் துடைத்திருந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, புதிதாக வந்தவளின் பையில் என்ன இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். அன்னலட்சுமி சொல்லி அனுப்பியதில் கஜேந்திரனும் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. தாளில் இருப்பதை மட்டும் நம்புகிற ஆள், அவ்வளவுதான்.

றுமைஸா பிளக்கில் மீட்டரை வைத்தாள். 225.

"நாங்களும் அதைத்தான் சொன்னோம் மிஸ்" என்றார் கஜேந்திரன், மரியாதையாகவே. அந்த மரியாதைதான் கூடுதலாகக் குத்தியது.

அன்னலட்சுமி சுவரோடு ஒட்டி நின்று சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த அறையில் இன்னும் எத்தனை நாள் என்று கண்களாலேயே அளப்பதுபோல் இருந்தது. றுமைஸா மீட்டரைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். இவ்வளவு தூரம் வந்து, இந்த மனுஷியின் கழுத்தில் நாலாவது முடிச்சையும் நானே போடப்போகிறேனா?

"அரிசி கழுவுங்க அக்கா" என்றாள். "வழக்கமா எப்படிப் போடுவீங்களோ அப்படியே."

அன்னலட்சுமி அரிசியை மூன்று தண்ணீரில் களைந்தாள், விரல் வைத்துத் தண்ணீர் அளவு பார்த்து ஊற்றினாள். றுமைஸா தான் செய்து வைத்திருந்த குட்டி எக்ஸ்டென்ஷனைப் பிளக்கில் மாட்டி, அதில் குக்கரையும் மீட்டரையும் ஒன்றாகத் தொடுத்தாள். வயரைக் கவ்விப் பிடித்து ஓட்டத்தைச் சொல்லும் இன்னொரு மீட்டரையும் மாட்டினாள்.

"இப்ப அமத்துங்க."

அன்னலட்சுமி விசையைக் கீழே அமர்த்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்டரில் 225 சரிந்து விழுந்து, 160இல் நின்றது.

கஜேந்திரன் குனிந்து பார்த்தார். "மீட்டர் பழுதா?"

றுமைஸா விசையைத் தூக்கினாள். 225. அமர்த்தினாள். 160. இன்னொரு தடவை தூக்கி அமர்த்தினாள், அவருக்காக அல்ல, தன் சந்தோஷத்துக்காக. உடம்பெல்லாம் சிலிர்த்தது அவளுக்கு.

"தோட்டத்து எலக்ட்ரீஷியன் குக்கரப் போடாம அளந்தீக்கி" என்றாள். "சும்மா நிக்கிற ஆளப் பார்த்து இவருக்கு மூட்டை தூக்க ஏலும்னு செல்ற மாதிரி. மூட்டைய வச்சாத்தானே முதுகு வளையுறது தெரியும்."

சுவரில் சின்னக் கரும்பலகை ஒன்று இருந்தது. பிள்ளைகள் வரைந்த யானையின் வாலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் கிடைத்தது. றுமைஸா சோக்கட்டியை எடுத்தாள். ஓட்டம் 3.02 அம்பியர். 160ஐ 3.02ஆல் வகுத்தாள். 53 ஓம்.

"ஐயா, நீங்க பின் குத்தின சீட்டப் பாருங்க. அதில தடை எவ்வளவு?"

கஜேந்திரன் பார்த்தார். "ஐம்பத்து மூணு."

"அங்கயும் அம்பத்து மூணு, இங்கயும் அம்பத்து மூணு. குக்கர் மாறல்ல. அதில ஒரு குறையும் இல்ல, நான் எழுதினது அந்த மட்டுக்கும் சரி. இப்ப இதப் பாருங்க." 160ஐ 3.02ஆல் பெருக்கினாள். 483. "ஆயிரம் வாட் வேலைய நானூத்தி எம்பத்து மூணு வாட் வச்சு செய்யச் சொல்லி ஈக்கி. அழுத்தம் மூணில ஒரு பங்குதானே குறைஞ்சதுன்னு நினைப்பீங்க. அழுத்தம் குறைஞ்சா ஓட்டமும் சேர்ந்து குறையுது. அதால வலு பாதிக்கும் கீழ போய்ட்டுது. அடிச்சோறு குழையும், மேல் சோறு அரிசியா நிக்கும்."

"அதேதான்! அப்படியேதான் மிஸ்!" என்றாள் அன்னலட்சுமி. எட்டு மாதமாக அவள் யாரிடமும் சொல்லி நம்ப வைக்க முடியாத விஷயம் அது.

"அப்ப மிச்ச கரண்ட் எங்க போகுது?" என்று கேட்டார் கஜேந்திரன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

மிச்சம் எங்கே போகிறது என்று பார்க்க எல்லோரும் வெளியே வந்தார்கள். பிள்ளைக்காம்பராவுக்கு வருகிற வயர் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து புறப்படுகிறது, நூற்றைம்பது மீட்டர் தூரம். முன்பொரு காலத்தில் ஒரேயொரு பல்பு எரிக்கப் போட்ட மெல்லிய இரட்டை வயர். நடுவில் அறுந்தபோதெல்லாம் யார் யாரோ முறுக்கிக் கட்டியிருந்தார்கள். கொய்யா மரத்துக் கிளையில் தொங்கிய ஒரு முடிச்சில் சுற்றியிருந்த டேப் உருகிக் கருகி, பிசினாய் வழிந்திருந்தது. பழைய குண்டு பல்பு இருந்திருந்தால் குக்கரைப் போட்டதும் மங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும். இப்போதைய எல்ஈடி பல்புகள் எது வந்தாலும் ஒரே முகமாய்ச் சிரித்துக்கொண்டிருப்பவை.

றுமைஸா கணக்கை அங்கேயே சொன்னாள். வழியில் தொலைவது 65 வோல்ட். அதை 3.02ஆல் வகுத்தால் வயரின் தடை இருபத்தொன்றரை ஓம். பெருக்கினால் 196 வாட். அவ்வளவும் சோற்றுக்குப் போகாமல் இந்த வயரையும் முடிச்சுகளையும் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகள் படுத்துத் தூங்கும் கூரைக்கு மேலாகத்தான் இதன் கடைசித் துண்டு போகிறது என்றும் சொன்னாள். கஜேந்திரன் நிமிர்ந்து அந்தக் கூரையைப் பார்த்தார்.

"நாளைக்கே வயர மாத்தச் சொல்றேன்."

"மாத்துங்க. அது வரைக்கும் இதில குக்கர் போட வேணாம். இன்டைக்கு சோறு டிஸ்பென்சரி பிளக்குல வேகட்டும். அதே குக்கர், அதே அரிசி, அதே கை. நீங்க பக்கத்தில நின்று பாருங்க."

அதே அரிசியும் தண்ணீருமாகக் குக்கரைத் தூக்கினது கஜேந்திரன்தான். மடிப்புக் கலையாத சட்டையில் தண்ணீர் சிந்த, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் அவர் முன்னால் நடக்க, இரண்டு பெண்களும் பின்னால் போனார்கள். டிஸ்பென்சரி பிளக்கில் குக்கர் ஓடும்போது 224 வோல்ட், 4.23 அம்பியர், 947 வாட். முப்பத்தொரு நிமிடத்தில் விசை தானாக மேலே குதித்தது. மூடியைத் திறந்தபோது சோறு வெள்ளைவெளேரென்று, ஒன்றோடொன்று ஒட்டாமல், மேலும் கீழும் ஒரே பதத்தில் இருந்தது. அன்னலட்சுமி இரண்டு பருக்கையை விரலால் நசுக்கிப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் எடுத்துக் கஜேந்திரனின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் சின்னப்பிள்ளைபோல அதை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார்.

பிள்ளைக்காம்பராவுக்குத் திரும்பியதும் றுமைஸா புதுச் சீட்டு ஒன்று எழுதினாள். இரண்டு இடத்துக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். கீழே இப்படி எழுதினாள்: முந்தைய மூன்று சீட்டுகளும் கடையிலுள்ள அழுத்தத்தை வைத்து எழுதப்பட்டவை. பாவிக்கும் இடத்தில் அளக்காமல் முடிவு சொன்னது என் பிழை. சமைப்பவரிடம் எந்தக் குறையும் இல்லை.

கஜேந்திரன் வாசித்துவிட்டுத் தயங்கினார். "என் பிழைன்னு எழுதத்தான் வேணுமா மிஸ்? ஒங்க பேரும் இருக்கே கீழ."

"பேரு ஈக்கிறதாலதான் ஐயா எழுதுற."

சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். ஹீட்டர் பெட்டிகள் நாற்பதைத் திருப்பி அனுப்பிய நாளில்கூட அவள் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. பிழையை ஒத்துக்கொண்டவளுக்கு இவ்வளவு பெருமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அவளுக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த நாலு வரிக்கு முதல் தடவையாக முழு அர்த்தம் வந்ததுபோல் அவளுக்கு இருந்தது.

அன்னலட்சுமி பிள்ளைகளுக்குப் பருப்பும் சோறும் பிசைந்து தட்டுத் தட்டாக வைத்துக்கொண்டிருந்தாள். கஜேந்திரன் போய் அவள் பக்கத்தில் நின்றார்.

"அக்கா, அந்தக் கடிதத்தக் குடுங்க. கிழிச்சுப் போட்டிர்றேன்."

"இருங்க ஐயா, புள்ளைங்க சாப்பிடட்டும்."

அவர் காத்திருந்தார். பத்தொன்பது தட்டும் காலியாகும்வரை காத்திருந்தார். கடைசிப் பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவி, சேலையில் ஈரத்தை ஒற்றிக்கொண்டு, அன்னலட்சுமி பிளாஸ்டிக் உறையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். ஆனால் அவர் கையில் கொடுக்கவில்லை. பிள்ளைகளின் குட்டி மேசையில் விரித்து வைத்தாள்.

"கிழிக்க வேணாங்க ஐயா. தோட்டம் பூரா இத வாசிச்சிருச்சு. கீழ எடம் இருக்கு, அதுலயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அது என்கிட்ட இருக்கணும்."

கஜேந்திரன் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் மார்பைத் தொட உட்கார்ந்து, பேனாவைத் திறந்தார். "என்ன எழுதணும், சொல்லுங்க."

அன்னலட்சுமி ஒரு கணம் கரும்பலகையைப் பார்த்தாள்.

"நூத்தறுபது வோல்ட்டுல எட்டு மாசமா பத்தொம்பது புள்ளைக்குச் சோறாக்கிப் போட்டவ அன்னலட்சுமின்னு எழுதுங்க."

கஜேந்திரன் எழுதினார்.